ஸ்டெல்லா கையெழுத்திட்ட நாற்பது பக்கங்கள்

கண்ணு,

இந்தத் தாள்களை உடனே திருப்பிப் பார்க்காதே. முழுக்கப் படித்து முடித்த பிறகு திருப்பு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். போன வாரம் மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டுப் பெங்களூர் திரும்பும்போது மேசைமேல் ஒரு கட்டுத் தாளை விட்டுவிட்டு, பழைய டெஸ்ட் ரிப்போர்ட்தான், பின்பக்கம் எதற்காவது ஆகும் என்று சொல்லிப் போனாய். உன் அப்பா இரண்டு தாளில் மளிகைச் சீட்டு எழுதிவிட்டார். மிச்சத்தில் ஒன்பது தாளை எடுத்து நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுத உட்காரும் முன் முன்பக்கங்களைப் படித்தேன். நீ செய்யும் வேலையைப் பற்றி நீ வாயால் சொன்னதைவிட அதில் அதிகம் தெரிந்தது.

இன்னும் பத்து நாளில் அமெரிக்கா போகிறாய். எல்லா அம்மாக்களும் இந்த நேரத்தில் ஊறுகாயைப் பற்றியும் ஸ்வெட்டரைப் பற்றியும் எழுதுவார்கள். ஊறுகாய் தனியாக வருகிறது. நான் எழுத வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நீ சொன்ன விஷயம் பற்றி. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதியில் தடுமாறும் என்று ஊரே பயந்துகொண்டிருக்கிறது. பழைய புரோகிராம்களை ஓட்டிப் பார்த்து, தேதி தப்பாக வரும் இடங்களை அச்சடித்துத் தரும் கருவி ஒன்றை நீ எழுதியிருக்கிறாய். அது தந்த அறுபது பக்கத்தைப் படிப்பது முருகேசன் என்பவனுடைய வேலை. அந்த அறுபதில் முக்கியமான வரி ஒன்றுதான்: வருகிற வருஷத்துப் பிப்ரவரியில் இருபத்தொன்பதாம் தேதியே இல்லை என்று புரோகிராம் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வரியை அவன் விட்டுவிட்டான். வாடிக்கையாளர் கண்டுபிடித்து உங்களைக் கேட்டார். உன் குழுவில் யார் இருக்கலாம், யார் வேண்டாம் என்று வருகிற வெள்ளிக்கிழமை நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். "வெள்ளகோவில்காரன்தாம்மா. எது சொன்னாலும் சரிங்க சரிங்கன்னு தலைய ஆட்டுவான். அறுபது பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்குறான், ஒண்ணையும் பார்க்கலை. அவன் வேண்டாம்னு எழுதி வெச்சிருக்கேன்" என்றாய். நான் உனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன், வேறொன்றும் பேசவில்லை. அப்பா இருந்தார் என்பது ஒரு காரணம். மற்ற காரணத்தைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நான் மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, காந்திபுரத்தில் ஜவுளிக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீசுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, கீழே டவுன் பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாய். அப்போது வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறைக்கு நாங்கள் ஒரு புரோகிராம் செய்தோம். இன்ன நிறத்துக்கு, ஒரு கிலோ துணிக்கு, எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று அந்தப் பட்டறையின் சாய மாஸ்டர் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த வேலையை இனிக் கம்ப்யூட்டர் செய்யும். புரோகிராமை எழுதியவர் வேறொருவர். அது சரியாகச் செய்கிறதா என்று நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவராத இடங்களை அச்சடிக்கும் இன்னொரு புரோகிராமை எழுதியது நான். நீ இன்று பெங்களூரில் செய்வதும் அதுதான், பெயர்தான் பெரிதாகிவிட்டது.

என் புரோகிராம் மேல் எனக்கு ரொம்பப் பெருமை. ஒரு வித்தியாசத்தைக்கூட விடாது. நோட்டில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரைக்கும்தான் எழுதியிருந்தார்கள், கம்ப்யூட்டர் மூன்று இலக்கம் வரைக்கும் கணக்கிட்டது. ஆகவே எறும்பு அளவு வித்தியாசம் நூற்றுக்கணக்கான இடத்தில் வந்தது. அத்தனையையும் அது அச்சடித்தது. ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி: எண் ஒத்துவரவில்லை என்பதற்கு நான் வைத்த குறியான பிழை ஏழு, பிறகு நோட்டின் வரி எண், கட்டம் எண், ஓர் எண், பக்கத்தில் இன்னோர் எண். எந்த நிறம், எந்தச் சாயம் என்று இருக்காது. இரண்டு எண்களில் எது நோட்டில் உள்ளது, எது கம்ப்யூட்டர் சொன்னது என்றும் இருக்காது. நூல் அளவு வித்தியாசமும் பிழை ஏழுதான், பத்து மடங்கு வித்தியாசமும் பிழை ஏழுதான். ஓட்டை போட்ட ஓரம் வைத்த நீளத்தாளில் நாற்பது பக்கம் வந்தது. அதைப் பார்க்கும் வேலையை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன்.

ஸ்டெல்லாவை நீ பார்த்திருக்கிறாய். உனக்குப் பென்சில் சீவித் தருவாளே, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வருவாளே, அந்த அக்கா. அவள் அப்பாவும் அம்மாவும் கூலிக்குத் தோட்டவேலை பார்த்தவர்கள். எங்கள் அப்பாருடைய தோட்டம் மாதிரித் தோட்டங்களில்தான். சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, அவர்கள் வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். என்னை மேடமுங்க என்பாள். நான் ஒருநாளும் அவளை அதட்டியதில்லை, வாங்க போங்க என்றுதான் பேசினேன். நம் ஊரில் மரியாதைக்கு எப்போதும் குறைச்சல் இல்லை. அந்த மரியாதைக்குள்ளேயே யார் யாரிடம் கேள்வி கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்பதெல்லாம் பத்திரமாக இருந்தது. எனக்கு அது சௌகரியமாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துவிட்டு அடியில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மில்லில் அது வழக்கம். பதிவேடு எதுவானாலும் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் மேலே போகாது. நானும் அங்கே பதினைந்து வருஷம் படிக்காமலே எத்தனையோ பக்கத்தில் போட்டிருக்கிறேன், அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. ஸ்டெல்லா இரண்டு நாளில் நாற்பது பக்கத்திலும் குட்டியாக எஸ் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். முடிஞ்சுதா என்றேன். முடிஞ்சுதுங்க என்றாள். புரோகிராம் வெள்ளகோவிலுக்குப் போனது.

முதல் லாட் துணி சந்தன நிறம். அன்று சாய மாஸ்டர் தங்கை மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தார். பட்டறையில் இருந்தவர்கள் கம்ப்யூட்டர் தந்த சீட்டில் இருந்தபடி அளந்து கொட்டினார்கள். சிவப்புச் சாயம் கிலோவுக்குப் புள்ளி நான்கு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கிராம் இருந்தது. துணி செங்கல் நிறத்தில் வெளியே வந்தது. மறுநாள் எங்கள் ஆபீஸ் முதலாளி எல்லாரையும் நிற்க வைத்து, இதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். நான் நாற்பது பக்கத்தையும் கொண்டுவந்தேன். நோட்டில் சந்தன நிறத்தின் வரி எண் எனக்குத் தெரியும் என்பதால் தேடி, இருபத்து மூன்றாம் பக்கத்தை விரித்து, அந்த வரியில் விரலை வைத்தேன். பிறகு விரலை அப்படியே கீழே இறக்கி அவள் கையெழுத்தின் மேல் வைத்தேன். ஸ்டெல்லா குனிந்து அந்தத் தாளைப் பார்த்தாள்.

"நான் பாத்தனுங்க. அது தப்புன்னு தெரியலீங்க."

"பிழைன்னு போட்டிருக்குதே ஸ்டெல்லா."

"எல்லா வரியிலயும் அப்புடித்தானுங்க போட்டிருக்குது" என்றாள். பதில் சரியான பதில். அது அப்போது எனக்கு எதிர்த்துப் பேசுகிற மாதிரித்தான் கேட்டது. முதலாளி அவளைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். செங்கல் நிறமான துணியைக் கறுப்புச் சாயத்தில் முக்கி வேறு ஆர்டருக்கு அனுப்பிவிட்டார்கள். துணிக்கு ஒரு வழி இருந்தது, ஸ்டெல்லாவுக்கு இல்லை.

இரண்டு வாரம் கழித்துச் சாய மாஸ்டர் தன் நோட்டோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். இனித் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு சீட்டும் பட்டறைக்கு வரக்கூடாது என்றார். புரோகிராமைத் திருத்தி மறுபடி ஓட்டியிருந்தோம். நாற்பது பக்கத்தையும் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு இரண்டு எண்களின் மேலும் இரண்டு விரலை வைத்து, "ஏனுங்க அம்மணி, இதுல என்னோடது எது, உங்க பொட்டி சொன்னது எது?" என்றார். இடதுபக்கம் உங்களுடையது என்று உடனே சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டி ஒன்றிரண்டைச் சரிபார்த்தார். வலதுபக்கம்தான் அவருடையது. எழுதியவளான எனக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் சிரிக்கக்கூட இல்லை. எனக்கு மட்டும் முகம் எரிந்தது. ஸ்டெல்லா முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் கேட்டிருந்தால், இதுகூடவா தெரியாது என்று நினைத்திருப்பேன், சந்தேகமே இல்லை.

உங்கள் பட்டறையில் தப்பு நடந்தால் ஆட்களிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "சந்தனத்துக்குச் சிவப்பு புள்ளி நாலு போடோணும், நாலு போட்டிருக்குது, தொட்டிய நிறுத்துங்கன்னு சொல்லுவனுங்க. வேறென்னத்தச் சொல்றது?" எந்த நிறம், எந்தச் சாயம், எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது, இப்போது என்ன செய்ய வேண்டும். என் நாற்பது பக்கத்தில் இல்லாத அத்தனையும் அவருடைய ஒரு வாக்கியத்தில் இருந்தது.

இங்கே உன்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்து, வாசலில் நின்று, "அம்மா... அப்பா... ஆஸ்பத்திரி" என்றாய். என் கையில் இருந்த தோசைமாவுப் பாத்திரம் கீழே விழுந்தது. நீ தண்ணீர் குடித்து முடிக்கும் வரை நான் என்னென்ன நினைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறேன், வர நேரமாகும் என்று அப்பா சொல்லியனுப்பியிருக்கிறார். நீ சொன்ன மூன்று வார்த்தையில் பொய் ஒன்றும் இல்லை. என் புரோகிராம் அச்சடித்ததிலும் பொய் இல்லை. அன்றைக்கு உன்னைத் திட்டினேன், முழுசாகச் சொல்லத் தெரியாதா என்று. நாலு வருஷம் கழித்து அதையே நான் நாற்பது பக்கத்துக்குச் செய்துவிட்டு, அதைப் படித்தவளை வேலையை விட்டு அனுப்ப வைத்தேன்.

அந்த வாரமே புரோகிராமை மாற்றி எழுதினேன். பெரிய வித்தியாசம் முதலில் வரும்படி செய்தேன். மூன்றாம் இலக்கத்தில் மட்டும் இருக்கும் சில்லறை வித்தியாசத்தையெல்லாம் கடைசியில் ஒரே வரியில் அடக்கினேன்: இத்தனை இடத்தில் சின்ன வித்தியாசம், பார்க்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்து அச்சடிக்க அந்தப் பிரிண்டரால் முடியாது. அதனால் ஆங்கில எழுத்திலேயே தமிழில் எழுதினேன். சோதித்துப் பார்க்க, திருத்தாத பழைய சாயப் புரோகிராமிலேயே ஓட்டினேன். சந்தனக் கலர், சிவப்பு, நோட்டில் புள்ளி நாலுங்க, கம்ப்யூட்டர் நாலுன்னு சொல்லுதுங்க, பத்து மடங்கு ஜாஸ்தி, பட்டறைக்கு அனுப்பாதீங்க. நாற்பது பக்கம் ஒன்றரைப் பக்கமானது. பொட்டிகூட நம்ம ஊர்ப் பேச்சுப் பழகிக்கொண்டது என்று முதலாளி எல்லாரிடமும் காட்டிக் காட்டிச் சிரித்தார். சாய மாஸ்டர் அதை வாங்கி, படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வருஷக் கடைசியில் முதலாளி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு தந்தார். நீதான் ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்து மாட்டினாய். அம்மா ஆபீசில் வாங்கியது என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாய். முதலாளியிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. தப்பு ஸ்டெல்லாவுடையது இல்லை, அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாராலும் அதைப் பிடித்திருக்க முடியாது என்பதைச் சொல்லவே இல்லை. சொன்னால் கடிகாரம் எதற்கு என்ற கேள்வி வரும். உன் அப்பாவுக்கும் இது தெரியாது.

ஐந்து மாதம் கழித்து அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பெரியநாயக்கன்பாளையம் போனேன். ஐந்து மாதம் ஏன் ஆனது என்று கேட்காதே, பயம்தான். அவள் ஒரு மோட்டார் பட்டறையில் காயிலுக்குக் கம்பி சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கம்பி கீறிய கோடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி யாரையோ அனுப்பினாள். நான் தாளை நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள். வாசிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "இப்புடி இருந்திருந்தா நானே சொல்லியிருப்பனுங்க மேடம்" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "மூணாம் பக்கத்துலயே எனக்கு ஒண்ணும் புரியலீங்க. கேட்டா, இதுக்குத்தான் இவளையெல்லாம் வேலைக்கு வெக்கக்கூடாதுன்னு நெனப்பீங்கன்னு கையெழுத்தப் போட்டுப்போட்டனுங்க" என்றாள்.

தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். திரும்ப வரச் சொன்னேன், முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்றேன். பாக்கலாமுங்க என்றாள். நானும் இந்த ஊர்க்காரிதான், பாக்கலாமுங்க என்றால் வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒருபக்கம் நிம்மதியாகவும் இருந்தது, முதலாளியிடம் பேச வேண்டியதில்லையே என்று. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. செங்கல் நிறத் துணியைப் பற்றி அவ்வளவு இல்லை. கடிகாரத்தைக் கழற்றி வைக்கலாம் என்று பலதடவை நினைத்திருக்கிறேன். அப்பா ஏன் என்று கேட்பார். அதனால் அது அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் முருகேசனை எனக்குத் தெரியாது. அவன் உண்மையிலேயே சோம்பேறியாக இருக்கலாம். எல்லாத்துக்கும் சரிங்க என்கிறான் என்றாய், அது அவன் சுபாவம் என்றாய். நீயும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். வெள்ளகோவிலிலிருந்து வந்தவன் தன்னைவிடப் பெரிய வேலையில் இருப்பவரிடம் புரியலீங்க என்று எத்தனை தடவை சொல்வான் என்று உனக்குத் தெரியாதா? அவன் கையெழுத்து இந்த ஒன்பது தாளிலும் இருக்கிறது. அழகான கையெழுத்து. இரண்டு இடத்தில் பென்சிலால் சின்னதாகக் கேள்விக்குறி போட்டு, பிறகு அழித்திருக்கிறான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. ஸ்டெல்லாவின் தாள்களில் அப்படி ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன்.

யாரை வைத்துக்கொள்வது என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. அது உன் வேலை. ஒன்றே ஒன்று செய். உனக்கு இது புதன்கிழமை வந்துவிடும், கூரியரில் அனுப்புகிறேன். நீ சொன்ன அந்தப் பிப்ரவரி வரி இந்த ஒன்பது தாளில் ஒன்றில் இருக்கிறது. நான் அதைக் கண்டுபிடித்தேன், ஆனால் குறி எதுவும் போடவில்லை. பக்க எண் இருந்த மேல் ஓரத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டேன், ஞாபகத்தை வைத்துத் தேட முடியாதபடிக்கு. முருகேசனுக்கு அறுபது பக்கம் இருந்தது, உனக்கு ஒன்பதுதான். அவன் படித்ததை அச்சடித்த கருவி அவன் எழுதியது இல்லை, நீ படிக்கப் போவதை அச்சடித்தது நீயே எழுதிய கருவி. அவனுக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரியாது, உனக்குத் தெரியும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தேடினேன். முதல் தடவை அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

இப்போது தாள்களைத் திருப்பு. கையில் கடிகாரம் கட்டியிருப்பாய், மணியைப் பார்த்துக்கொண்டு தேடு. கிடைத்ததும் வீட்டுக்குப் போன் செய். எத்தனை நிமிஷம் ஆனது என்று மட்டும் சொல்லு, கண்ணு.

அம்மா